பத்துப் பயறு சாட்சி சொல்லுமா?

ஒரகடம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவரா போயிருந்தேன். இன்ஜினியர்னா எல்லாம் தெரியும்னு நம்புறாங்க, நானும் மறுக்கலை. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மாட்டியிருந்த சார்ட்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். தலைப்பு: "தொழிற்சாலைக் கழிவுநீர் விதைகளைக் கொல்கிறது".

செஞ்சது இதுதான். இரண்டு டம்ளரில் ஈரப் பஞ்சு, ஒவ்வொண்ணுலயும் பத்துப் பச்சைப்பயறு. ஒண்ணுக்கு கேன் தண்ணி, இன்னொண்ணுக்கு ஊர் ஏரித் தண்ணி. அஞ்சாம் நாள் கேன் தண்ணியில் 9 முளைச்சிருந்தது, ஏரித் தண்ணியில் 6.

முதல் குறை, எண்ணிக்கை. இரண்டு தண்ணிக்கும் வித்தியாசமே இல்லைன்னு வச்சுக்குவோம். மொத்தம் 20 விதையில் 15 முளைக்கக்கூடியவை. கண்ணை மூடிக்கிட்டு டம்ளருக்குப் பத்தாப் பிரிச்சா, 9-6 அல்லது அதைவிட ஏறுமாறா விழ வாய்ப்பு சுமார் 30 சதவீதம். அதாவது மூணு தடவை செஞ்சா ஏறக்குறைய ஒரு தடவை, வெறும் அதிர்ஷ்டத்துலயே இந்த சார்ட் கிடைச்சிடும். இதே விகிதம் நூறு நூறு விதையில் வந்திருந்தா, 90-60, அது லட்சத்தில் ஒரு தடவைகூட தற்செயலா வராது. பச்சைப்பயறு விதைக்கு இந்தியாவில் சான்றளிப்புக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறனே 75 சதவீதம்தான். நல்ல விதையிலும் பத்துக்கு இரண்டு மூணு படுத்துக்கலாம். சர்வதேச விதைப் பரிசோதனை முறையில் 400 விதை எண்ணுவாங்க. நம்ம விவசாயிகூட ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வச்சுத்தான் பார்ப்பார்.

"இஸ்ரோ எட்டு விதைதானே சார் அனுப்புனாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி60ல் எட்டு தட்டப்பயறு விதைகள் போச்சு. நாலு நாளில் முளைச்சது. ஆனா அங்கே கேள்வி "முளைக்க வைக்க முடியுமா?" என்பது. அதுக்கு ஒரு விதை முளைச்சாலே பதில் கிடைச்சிடும். "எதில் குறைவா முளைக்குது?" என்பது ஒப்பீடு. அதுக்கு எட்டும் போதாது, பத்தும் போதாது.

இரண்டாவது, ஒரு டம்ளரில் இருக்கிற பத்து விதைக்கும் தலையெழுத்து ஒண்ணுதான். பஞ்சு காய்ஞ்சா பத்தும் காயும், ஜன்னல் வெயில் பட்டா பத்துக்கும் படும். வித்தியாசம் தண்ணியாலயா, டம்ளர் இருந்த இடத்தாலயான்னு பிரிக்கவே முடியாது. தண்ணிக்கு நாலு டம்ளர், டம்ளருக்கு 25 விதை, தினமும் இடம் மாத்தி வைக்கணும். மொத்தம் 200 விதை, ஒரு கைப்பிடிகூட வராது. டம்ளர் அடியில் எண் மட்டும் எழுதி, எது எந்தத் தண்ணின்னு தெரியாத ஒருத்தர் எண்ணணும். வேர் எத்தனை மில்லிமீட்டர் வந்தா "முளைச்சது"ன்னு கணக்குன்னு முதல்லயே எழுதி வைக்கணும்.

மூணாவது, தலைப்பு. சோதிச்சது ஏரித் தண்ணி. அந்த ஏரியில் ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும்கூட கலக்கலாம். சார்ட்டில் குற்றவாளி ஏற்கெனவே முடிவாயிட்டார். விதை தன் முதல் சில நாள் சாப்பாட்டைத் தானே பருப்பில் கட்டிக்கிட்டு வருது. அதனால தண்ணி ஓரளவு கெட்டிருந்தாலும் முளைச்சிடும். முளைப்பை விட வேர் நீளம்தான் பெரும்பாலும் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும். ஸ்கேல் வச்சு வேரை அளந்திருந்தா, இதே விதையிலிருந்து கூடுதல் விவரம் கிடைச்சிருக்கும்.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கலாமான்னு கேட்பீங்க. என்னை உறுத்தியது வேற. பேச்சுவாக்கில் அந்தப் பொண்ணு சொன்னா: "ஃபர்ஸ்ட் டைம் செஞ்சப்போ ஏரித் தண்ணியிலதான் சார் ஜாஸ்தி முளைச்சுது. அது தப்பா வந்துடுச்சுன்னு விட்டுடச் சொல்லிட்டாங்க."

அந்த முதல் முடிவுதான் அந்த மேஜையில் இருந்த ஆகச் சிறந்த அறிவியல். அது சார்ட்டில் இல்லை. சாஃப்ட்வேர்ல, பாஸ் ஆகிற வரைக்கும் டெஸ்டை ஓட்டி, பாஸ் ஆனதை மட்டும் காட்டினா வேலை போயிடும். இங்கே அதுக்குப் பரிசு. நான் மட்டும் என்ன ஒழுங்கு? என் கையில் இருந்த மதிப்பெண் தாளில் அழகுக்கு மார்க் இருந்தது, திரும்பச் செஞ்சு பார்த்ததுக்கு இல்லை. நானும் அதன்படியே போட்டேன்.

இது விளையாட்டு இல்லை. இரண்டு பேரும் அந்த ஏரிக்கரை ஊர்க்காரங்க. தண்ணி உண்மையாவே கெட்டிருக்கலாம். அப்படியிருந்தா, பத்துப் பயறை வச்சுக்கிட்டு எந்த ஆபீஸுக்குப் போனாலும் ஒரே நிமிஷத்தில் திருப்பி அனுப்பிடுவாங்க. இரண்டு தடவை செஞ்சோம், ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி, இதோ எல்லா எண்ணும்னு எழுதின நோட்டை அவ்வளவு சுலபமா தள்ள முடியாது.

கிளம்பும்போது அந்தப் பொண்ணு கேட்டா: "அப்போ ஏரித் தண்ணி நல்லதா சார்?"

"உங்க இருபது பயறை வச்சு அதையும் சொல்ல முடியாதும்மா" என்றேன். முகம் வாடிப்போச்சு. காலாண்டு லீவில் இருநூறு விதையோட திரும்பச் செய்யறதா சொல்லியிருக்கா. முதல் தடவை எண்ணையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கேன்.