பெயரும் கிழமைப்பொருளும்

சைவநூற் பதிப்புக்களிலும் ஆராய்ச்சியுரைகளிலும் ஆசிரியர் பெயரோடு நூற்பெயரைப் புணர்த்து எழுதுங்கால் நேரும் வழுக்கள் இந்நாளிற் பலவாகக் காணப்படுகின்றன. இவை எழுத்தளவில் நில்லாது பொருளையுந் திரிப்பனவாதலின் ஆராயற்பாலன.

ஆங்கில நூலார் பெயரின் இறுதியில், மேற்புறத்தே ஒரு காற்புள்ளியிட்டு எஸ் என்னும் எழுத்தைச் சேர்த்துக் கிழமைப்பொருளை உணர்த்துவர். அக்குறி அம்மொழிக்கு இன்றியமையாதது. தமிழிலோ அப்பணியை ஆறாம் வேற்றுமையுருபே செய்யும். அங்ஙனமாகவும், சிலர் பெயரை மேற்கோட்குறிக்குள் அடைத்து உருபைப் புறத்தே நிறுத்துகின்றனர். வேறு சிலர் இடைக்கோடு இட்டுப் பிரிக்கின்றனர். பெயரோடு ஒன்றி நிற்பதன்றித் தனித்து நிற்றல் உருபுக்கு இயல்பன்று.

இனி, 'சேக்கிழாரின் பெரிய புராணம்' என எழுதுவார் பலர். இன் என்பது நன்னூலார் கருத்தின்படி ஐந்தாம் வேற்றுமையுருபு. ஒப்பு முதலிய பொருள் தருவது. ஆகவே அத்தொடர் சேக்கிழாரினும் பெரியதொரு புராணம் எனவும் பொருள்படும். சாரியையெனக் கொண்டு அமைதி கூறலாமெனின், ஐயமற்ற 'சேக்கிழாரது' என்னும் வடிவம் இருக்க, ஐயத்துக்கு இடமானதை ஆளுதல் எற்றுக்கு? ஆயின், அதுவுருபு ஒருமைக்கே உரியது. ஆதலின் 'அப்பரது பதிகம்' எனவும், 'அப்பருடைய பதிகங்கள்' எனவும் எழுதுதல் நேரிது.

உருபை அறவே தொகுத்தலினும் இடர் உண்டு. சம்பந்தர் தேவாரம் என்பது சம்பந்தர் அருளியது. பதினோராந் திருமுறையிலுள்ள ஆளுடைய பிள்ளையார் திருவந்தாதியோ, அப்பிள்ளையார்மேல் நம்பியாண்டார் நம்பி பாடியது. சேக்கிழார் புராணமும் சேக்கிழார் செய்ததன்று. அவர் வரலாறு கூற உமாபதி சிவாசாரியார் அருளியது. மரபாய் வந்த நூற்பெயரை மாற்றுதல் தகாது. அதனை எடுத்துக்காட்டுவோர் இன்னார் அருளியது, இன்னார்மேற் பாடியது எனத் தெரித்தெழுதுதலே கடன்.

இவையெல்லாவற்றினும் பெரிது முறைப்பெயர் பற்றியது. உயர்திணைத் தொகையை விரிக்குங்கால் அதுவுருபை நீக்கிக் குவ்வுருபு கொடுத்தல் வேண்டுமென்பது தொல்காப்பியனார் கருத்து. ஆகவே அருணந்தி சிவாசாரியாரை 'மெய்கண்டாரது மாணாக்கர்' என்னாது, 'மெய்கண்டாருக்கு மாணாக்கர்' என்பதே முறை. சுந்தரமூர்த்தி நாயனாரும் திருத்தொண்டத்தொகையில் நான்காம் உருபமைத்தே தம் அடிமைத்திறத்தை விளம்பியருளினார். உடைமையாதல் அறிவில்பொருட்கும் உண்டு; அடிமையோ, அறிவுடைய உயிர் தன்னைக் கொடுத்து நிற்கும் நிலை. உருபொன்று பிறழின் இவ்வேறுபாடு மறையும்.

ஆதலின், திருவருட்செல்வர்தம் திருப்பெயரை எழுதுவோரும் அச்சிடுவோரும் உருபின் திறனை ஓர்ந்து கடைப்பிடிப்பாராக.