பசை மட்டும் போதுமா?

கடலில் கிடந்த படகின் அடிப்பாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் வழுவழுப்பு, பிறகு பாசி, அதன்மேல் கொட்டலசு. இத்தனைக்கும் தொடக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதப் படலம். நீர் பட்ட சில நிமிடங்களில் அது படிந்துவிடும். அதன்மேல் பாக்டீரியாக்கள் குடியேறும். நோயாளிக்குச் செருகும் சிறுநீர்க் குழாயிலும் இதே கதைதான்.

முன்பு இவற்றை நஞ்சிட்டுக் கொன்றோம். டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணப்பூச்சு, பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்த்த சிப்பிகளின் ஓடுகளையும் கோணலாக்கியது. அந்நாடு 1982-இல் அதைக் கட்டுப்படுத்தியது. கப்பல்களில் அதைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 2008-இல்தான் அமலுக்கு வந்தது.

ஆகவே, எதையும் கொல்லாமல் ஒட்டவிடாது செய்யும் பூச்சை வரவேற்கத்தான் வேண்டும். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மெய்தல் ரெக்கஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட பெப்டைடு அத்தகையது. அதில் மூன்றே அமினோ அமிலங்கள். ஒரு முனையில் டோபா. பாறையைப் பற்றி வாழும் மசல் சிப்பியின் பசையில் 1981-இல் ஹெர்பர்ட் வெய்ட்டும் டான்ஸரும் கண்ட பொருள். (நடுக்கவாத நோய்க்கு மருந்தாகத் தருவதும் இதைத்தான்!) மற்ற இரண்டும் புளோரின் ஏற்றிய பினைல் அலனின். கரைசலில் தகட்டை முக்கினால் போதும். டோபா தகட்டைப் பற்றிக்கொள்ள, மூலக்கூறுகள் தாமே அணிவகுத்து நின்றுவிடுகின்றன. என்ன எளிமை!

ஆனால் இதை விளக்க டெஃப்லானைத் துணைக்கு அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. டெஃப்லானில் கார்பன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புளோரின் அணுக்கள். இங்கோ ஆறு கார்பன் வளையத்துக்கு ஒன்றே ஒன்று.

அதைவிடப் பெரிய ஐயம் டோபாவைப் பற்றியது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. அதில் டோபா ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோனாக மாறும். அப்படி மாறியபின் டைட்டேனியத்தை அது பற்றும் வலிமை வெகுவாகக் குறைவதை 2006-இல் ஒற்றை மூலக்கூறு அளவிலேயே அளந்து காட்டியுள்ளனர். சிப்பி இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது? தன் காலைப் பாறைமீது கவிழ்த்து, உள்ளே அமிலச் சூழலை உண்டாக்கி, கந்தகம் கொண்ட வேறொரு புரதத்தால் டோபாவைக் காக்கிறது. நாம் சிப்பியிடமிருந்து பசையைக் கடன் வாங்கினோம், காவலை வாங்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் சில மணி நேரம் பாக்டீரியா ஒட்டவில்லை என்பது உண்மையான வெற்றியே. ஆனால் கப்பல் ஆண்டுக்கணக்கில் நீரில் கிடக்கிறது. சிறுநீர்க் குழாய் நாள்கணக்கில் உடலில் இருக்கிறது. இறந்த பாக்டீரியாவும் தூசியும் படிந்து பூச்சை மூடிவிட்டால், அடுத்து வருபவை பெப்டைடைத் தொடப்போவதே இல்லை. அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது, எந்த நீரில், எத்தனை நாள் என்று தேடிப் பாருங்கள். மணிக்கணக்கில்தான் என்றால், ‘தடுக்கிறது’ என்பதை அடித்துவிட்டு ‘தாமதப்படுத்துகிறது’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.