காலம், இடம், தோழர்: ஒரு பங்க் பயணத்தின் ஆவணம்

இசை கேட்பதற்குக் காலமும் இடமும் தோழர்களும் பொருந்த வேண்டும் என்று ஜுனைத் பக்தாதி (ரஹ்) கூறியதாகச் சூஃபி மரபு பதிந்து வைத்திருக்கிறது. இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் 'ஸமாஉ' பற்றி எழுதிய பகுதியில் இம்மூன்றையும் விரித்துரைக்கிறார். இந்த அளவுகோலின் சிறப்பு, இசை கூடுமா கூடாதா என்ற கேள்வியோடு அது நின்றுவிடாமல், யார், எங்கே, எப்பொழுது, யாருடன் என்று வினவுவதில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களிடையே நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் முதற்கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் சிந்திக்க விரும்புவோர் காண வேண்டிய ஆவணப்படம், உமர் மஜீத் இயக்கி 2009இல் வெளிவந்த 'தக்வாகோர்: பங்க் இஸ்லாத்தின் பிறப்பு'. கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ஐஸ்டீல்ஃபிலிம் நிறுவனம் இதைத் தயாரித்தது.

பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவான இசைப்போக்கு. பயிற்சி பெற்ற குரலும் விலையுயர்ந்த கருவிகளும் இல்லாதவர்கள் சில சுரக்கட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உரத்துப் பாடலாம் என்ற துணிவே அதன் அடிப்படை. அதன் கடுமையான கிளைக்கு 'ஹார்ட்கோர்' என்று பெயர். இறையச்சத்தைக் குறிக்கும் 'தக்வா' என்ற குர்ஆனியச் சொல்லுடன் இதனை ஒட்டி 'தக்வாகோர்' என்ற பெயரைப் படைத்தவர் மைக்கேல் முஹம்மத் நைட். மால்கம் எக்ஸின் வரலாற்றைப் படித்து இளவயதிலேயே இஸ்லாத்தைத் தழுவிய இந்த வெள்ளை அமெரிக்கர், இஸ்லாமாபாத்தின் ஃபைசல் பள்ளிவாசலில் மார்க்கம் பயிலச் சென்றவர். பின்னர் மனமுடைந்து எழுதிய நாவல்தான் 'தி தக்வாகோர்ஸ்'. பஃபலோ நகரில் முஸ்லிம் பங்க் இளைஞர்கள் கூடி வாழும் ஒரு வீட்டை அவர் கற்பனை செய்தார். முதலில் ஒளிநகல் பிரதிகளாகவே அது கைமாறியது. படித்த இளைஞர்கள் சிலர் அந்தக் கற்பனையை மெய்யாக்க முனைந்தனர். நாவலைப் பின்பற்றி ஓர் இயக்கம் பிறந்தது என்பது இலக்கிய வரலாற்றில் அரிதாகவே காணக்கூடியது.

2007ஆம் ஆண்டுக் கோடையில் அந்த இளைஞர்கள் பச்சை வண்ணம் பூசிய பழைய பள்ளிப் பேருந்தொன்றில் அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தனர். பாஸ்டன் பகுதியின் 'கோமினாஸ்', சிகாகோவின் 'அல்-தவ்ரா', வான்கூவரின் 'சீக்ரெட் டிரையல் ஃபைவ்' முதலிய குழுக்கள் அதில் இடம்பெற்றன. படத்தின் முற்பாதி இந்தப் பயணமே. ஒழுங்கற்ற ஏற்பாடுகள், சிறு கூட்டங்கள், உறக்கமின்மை, கேலி, சச்சரவு இவற்றோடு தொழுகையும் இடையிடையே வருகிறது. செப்டம்பர் 11க்குப் பின் ஒவ்வொரு முஸ்லிம் இளைஞனும் ஐயத்திற்குரியவனாகப் பார்க்கப்பட்ட நாட்டில், 'நான் நல்ல முஸ்லிம்' என்று நாள்தோறும் சான்று காட்ட மறுத்தவர்களின் எரிச்சல் அது. கனடாவில் இரகசியச் சாட்சியங்களின் பேரில் சிறைவைக்கப்பட்ட ஐந்து முஸ்லிம்களை நினைவூட்டும் பெயரை ஒரு குழு சூட்டிக்கொண்டது விளையாட்டல்ல. காலம் என்ற முதல் நிபந்தனையில் இவர்கள் தேறிவிடுகிறார்கள். அந்தக் காலம் இவர்களைப் பேச வைத்தது.

படத்தின் மையக் காட்சி, வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் (இஸ்னா) மாநாட்டில் நிகழ்கிறது. சிகாகோவை அடுத்த ரோஸ்மாண்டில் நடந்த அந்த மாநாட்டின் திறந்த மேடையில் இக்குழுக்கள் ஏறுகின்றன. பெண்ணொருவர் பாடத் தொடங்கியதும் ஏற்பாட்டாளர்கள் நிறுத்துகிறார்கள்; காவலர்கள் அழைக்கப்பட்டு இளைஞர்கள் வெளியேற்றப்படுகிறார்கள். இயக்குநரின் பரிவு இளைஞர்கள் பக்கமே நிற்கிறது. அதில் நியாயம் உண்டு: தன் பிள்ளைகளுடன் பேசித் தீர்க்க வேண்டியதற்குக் காவல்துறையை நாடும் சமூகம், அதே காவல்துறையின் ஐயப்பார்வையைக் குறித்து முறையிடும் தகுதியைச் சற்றே இழந்துவிடுகிறது. ஆனால் மறுபக்கத்தையும் படம் கேட்டிருக்க வேண்டும். புலம்பெயர்ந்து வந்து, கண்காணிப்புக்கு நடுவே ஒரு மாநாட்டைக் கட்டி நிறுத்திய அந்த மூத்தோரின் அச்சம் என்ன? அவர்களில் ஒருவரையேனும் அமரவைத்து வினவியிருந்தால், அவர்கள் வெறும் தடைச்சுவராகத் தோன்றியிருக்க மாட்டார்கள்.

இக்குழுவினரைப் பழைய கலந்தர்களின் வாரிசுகள் என்று சொல்லும் ஆசை படம் பார்க்கும் எவருக்கும் எழும். இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் நிஷாப்பூரில் தோன்றிய மலாமத்திய்யா நெறியினர், ஹம்தூன் அல்-கஸ்ஸார் போன்றோர், தம் வணக்கத்தை மறைத்து உலகின் பழியை ஏற்றவர்கள். கலந்தர்களோ வழக்கங்களை வெளிப்படையாக உடைத்தவர்கள். 'அவாரிஃபுல் மஆரிஃப்' எழுதிய ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தி இவ்விரு சாராரையும் பிரித்தே பேசுகிறார். பழியை ஏற்பது நஃப்ஸை அடக்குவதற்கு. பழியைத் தேடிப் பெற்று அதற்குக் கைத்தட்டலும் பெற்றால் நஃப்ஸ் கொழுக்கவே செய்யும். ஒளிப்படக் கருவி எப்பொழுதும் உடன் வரும் பயணத்தில் மலாமத் எளிதன்று. படத்தில் உள்ளத்தைத் தொடும் இடங்கள் முழக்கமிடும் காட்சிகள் அல்ல. பாட்டு ஓய்ந்து, இவர்கள் தமக்குள் ஐயத்தோடு பேசிக்கொள்ளும் இடங்களே.

பிற்பாதி பாகிஸ்தானுக்குச் செல்கிறது. கோமினாஸ் குழுவின் பாசிம் உஸ்மானியும் ஷாஜஹான் கானும் லாகூரில் தங்கித் தம் இசைக்குக் கேட்போரைத் தேடுகிறார்கள். நைட் தாம் இளமையில் பயின்ற ஃபைசல் பள்ளிவாசலுக்குத் திரும்புகிறார். அமெரிக்காவில் சிறுபான்மையாக இருந்து எழுப்பிய குரல், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் யாரை நோக்கிப் பேசும்? அங்கே கிடார் வாங்கும் வசதி உள்ளவன் யார், அதை எட்ட நின்று பார்ப்பவன் யார்? 'கோமினாஸ்' என்ற பெயரே 'கமீனா' என்ற வசைச்சொல்லிலிருந்து வந்தது. இழிந்தவன், கீழ்ப்பிறப்பினன் என்ற பொருள் அதில் உறைந்திருக்கிறது. பாஸ்டனில் அது கலகம். பஞ்சாபில் அது உழைக்கும் எளிய மக்கள் மேல் அன்றாடம் வீசப்படும் சொல். இந்த முரணைப் படம் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறது. நைட்டின் ஆன்மிக மீட்சிக்குத் தரும் நேரத்தில் ஒரு பங்கை இதற்கும், பாட விடாமல் தடுக்கப்பட்ட அந்தப் பெண்ணின் வாழ்வுக்கும் தந்திருந்தால் படம் முழுமை பெற்றிருக்கும். இடம் என்ற இரண்டாம் நிபந்தனையில் அது தடுமாறுகிறது. பேருந்து ஒவ்வோர் ஊரிலும் நிற்கிறது. எந்த ஊரிலும் தங்குவதில்லை.

தங்கிப் பாடிய பாட்டு எப்படியிருக்கும் என்பதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியாகச் செல்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீனவர் வாழ்வு சிதைந்ததைப் பற்றி, 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா கர்நாடக இசையில் பாட, ரதீந்திரன் பிரசாத் அதைக் காட்சியாக்கினார். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் நம் வாயில் வசையாக மாறிவிட்டது. பாடல் அதை மீட்டு மீண்டும் பொதுவுடைமையின் பெயராக்கியது. 'கமீனா'வும் 'புறம்போக்கு'ம் ஒரே வினையின் இரு எடுத்துக்காட்டுகள். முதற்சொல்லை மீட்டவர்கள் அதைத் தம் குழுவின் பெயராக்கிக்கொண்டார்கள். இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு கழிமுகத்தின் வழக்காயிற்று. பாடியவர் அக்கழிமுகத்தின் மகனல்லர் என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. எனினும், எந்த ஆறு, எந்தச் சாம்பல், யாருடைய வலை என்று கேட்பவருக்கு அப்பாடலில் விடை இருக்கிறது.

அதற்கு முன்பே, 2015இல், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடலில், கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பற்றி யூனிலீவர் நிறுவனத்தைக் கேள்வி கேட்டார். முன்னர் முக்காட்டுடன் மேடையேறியதால் செய்தித்தாள்கள் அவரைப் 'புர்கா ராப்பர்' என்று அழைத்ததுண்டு. ஊடகத்தின் கண் உடையில் நின்றது. பாடலின் கண்ணோ தொழிலாளர் மீது நின்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. அது தொழிலாளர்கள் பல்லாண்டு நடத்திய போராட்டத்தின் பயன். பாடல் அதற்குத் தோழமை செய்தது. தோழர்கள் என்ற மூன்றாம் நிபந்தனைக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமோ?

தாயிரா தட்டிக்கொண்டு ரமளான் இரவுகளில் தெருத்தெருவாக ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்ஷாக்கள் நம் ஊர்களில் அரிதாகிவிட்டார்கள். ஊர்சுற்றிகளான அவர்களும் ஒரு தெருவுக்கு, ஒரு கந்தூரிக்கு, ஒரு தர்காவுக்கு உரியவர்களாகவே இருந்தார்கள். கதவு திறந்து அரிசி இட்டவர்கள் அவர்களைத் தம்மவர் என்றே எண்ணினார்கள். அவர்களை மார்க்க அறியாமையின் எச்சம் என்று ஒதுக்கிய பின், நம் வீட்டுப் பிள்ளைகள் தம் சினத்தையும் ஏக்கத்தையும் எந்த ஓசையில் சொல்வது என்று நாம் கேட்டுப் பார்க்கவில்லை. கைபேசியில் அவர்கள் கேட்கும் ஓசைகளை நாம் தேர்ந்து கொடுப்பதுமில்லை.

'தக்வாகோர்' குறைகள் உள்ள படம். அதில் வரும் சில சொற்களும் செயல்களும் இறையச்சத்தோடு பொருந்துவன அல்ல. அவற்றை நியாயப்படுத்தவும் தேவையில்லை. ஆயினும், சமூகத்தை விட்டு ஓடிப்போக எல்லா வாய்ப்பும் இருந்தும், அதன் மாநாட்டு மேடையிலேயே பாட வேண்டும் என்று வந்து நின்றவர்களை அது பதிவு செய்திருக்கிறது. வெறுத்தவர்கள் அங்கே வரமாட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அரங்கின் கதவைச் சாத்திய பின், உள்ளே இருந்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.