பந்தைப் பார்க்காத கேமரா

விளையாட்டுப் படம்னா கேமரா பந்தைத்தான் துரத்தும். கல்லூரி விளையாட்டுப் படங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு நேர்மாறான ஒன்று.

1951 அக்டோபர் 20, ஒக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம். டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட்டைக் குறிவைத்து அடிப்பார்கள் என்று முன்பே ஊரில் பேச்சு. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் டான் அல்டாங், ஜான் ராபின்சன் இருவரும் பிரைட் மேலேயே கேமராவை வைத்திருந்தார்கள். பிரைட் பந்தைச் சக வீரரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். எதிரணி வீரர் ஓடிவந்து முகத்தில் அடிக்கிறார். தாடை உடைந்தது.

மொத்தம் ஆறு படங்கள். எதுவும் அழகான படம் இல்லை. ஒன்றை மட்டும் அச்சிட்டிருந்தால், 'ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்'னு சொல்லியிருப்பாங்க. வரிசையாகப் பார்த்தால் அந்தச் சாக்கு நிற்காது. பந்து ஒரு பக்கம் போகுது, அடி இன்னொரு பக்கம் விழுது. நம்ம தொழில் பாஷையில், இது ஸ்கிரீன்ஷாட் இல்லை, லாக் ஃபைல்.

1952-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஹெல்மெட் முகக்காப்பு விதிகளும் மாறின. ஆனால் அடித்தவர் மேல் நடவடிக்கை இல்லை. அந்தக் கல்லூரி (இன்று ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மன்னிப்புக் கேட்டது 2005-இல். பிரைட் 1983-லேயே இறந்துவிட்டார். ஆதாரம் முதல் நாளே கையில் இருந்தும் 54 வருஷம் ஆச்சு.