பிறப்பும் பதவியும்: சி. வி. வேலுப்பிள்ளையை முன்வைத்து ஒரு குறிப்பு

பழஞ்சீனத்தில் அரச பதவிக்குரிய தேர்வு பெயரளவில் ஆடவர் பெரும்பாலார்க்குத் திறந்திருந்தது. ஆயினும் 1905இல் அது ஒழிக்கப்படும்வரை, மைந்தரைப் பல்லாண்டு கற்பிக்கவல்ல உடைமைக் குடும்பங்களே அதனாற் பெரிதும் பயனடைந்தன. இத்தகைய நியதி இலங்கை மலையகத் தோட்டங்களிலும் இயங்கியமையை நாம் காண்கிறோம். பெரிய கங்காணி, வேலைக்கு வந்த ஆட்களின் தொகைக்கேற்பப் 'பென்ஸ் காசு' பெற்றார். தொழிலாளியின் பிள்ளை தோட்டப் பள்ளியின் தொடக்க வகுப்புகளோடு கொழுந்துக் கூடை சுமந்தது. கங்காணியின் பிள்ளை அட்டன், கம்பளை, கண்டி ஆங்கிலப் பள்ளிகளுக்குச் சென்றது. 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்ற எஸ். தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து சென்ற சி. வி. வேலுப்பிள்ளையும் கங்காணிக் குடும்பத்தினர் என்பது தற்செயலன்று.

எனின், பிறப்பே படைப்பாளியின் சார்பையும் விதித்துவிடுகிறதா? அவ்வாறு கொள்வது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். மடக்கொம்பரையிற் பிறந்த வேலுப்பிள்ளை, தாம் கற்ற ஆங்கிலத்தில் தொழிலாளர் வாழ்வை எழுதினார். அவர்கள் பாடிய நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். கங்காணியின் கொடுமையை முறையிடும் குரல் தொழிலாளிக்குரியது. அதனை ஏட்டிலேற்றும் கல்வி கங்காணி வீட்டில் வாய்த்தது. இம்முரணை மறைத்து வேலுப்பிள்ளையைப் போற்றுவதும், இம்முரணையே காட்டி அவரை ஒதுக்குவதும் ஒருங்கே பிழை என்பது எமது துணிபு.