பழைய புல்லட்டில் லித்தியம் பேட்டரி: முதலில் ரெகுலேட்டரைப் பாருங்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஆசிட் பேட்டரி செய்யும் கெடுதல் தெரியும். வென்ட் ட்யூபில் கசியும் ஆசிட் பெட்டியின் பெயின்டை உரித்து, ஃபிரேம் வரை அரித்துவிடும். அதிலிருந்து தப்பிக்கத்தான், திருவொற்றியூரில் தயாரான என் பாயிண்ட்ஸ் மாடல் 350-க்கு 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கினேன். நாலு கிலோவுக்கு மேல் கனத்த இடத்தில் இப்போது ஒரு கிலோ சொச்சம்தான்.

ஆனால் வாங்கிய கையோடு மாட்டிவிடக் கூடாது. இதனுள் நாலு செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல்லுக்கு 3.65 வோல்ட், மொத்தம் 14.6 வோல்ட்தான் எல்லை. பழைய பேட்டரி மாட்டியிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஸ்லோவில் 12.9, ஆக்சிலேட்டரை முறுக்கியதும் 15.1! எப்போதோ மாற்றிய ரெகுலேட்டர் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. ஆசிட் பேட்டரி இந்த அடியைத் தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சமாளிக்கும். உங்கள் வண்டிக்கு அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறதா? பெரும்பாலும் ஓவர் சார்ஜ்தான் காரணம். லித்தியத்தில் ஆவியாக விடத் தண்ணீர் கிடையாது.

உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வோல்டேஜ் ஏறினால் பேட்டரியைத் துண்டித்துவிடும். ஓடும் வண்டியில் அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் வேகத்தை உள்வாங்க ஆளில்லாமல் பல்புகள் போகும். பாயிண்ட்ஸ் மாடலில் இக்னிஷனும் பேட்டரியை நம்பியிருப்பதால் என்ஜினே நின்றுபோகலாம். நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ரெகுலேட்டரை மாற்றி, எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து இறுக்கினேன். அந்தத் துருப்பிடித்த முனையில் மட்டும் 0.4 வோல்ட் வீணாகிக்கொண்டிருந்தது. இப்போது ஓட்டத்தில் 14.2. லித்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவு வேண்டாம்.

ஹெட்லைட் மூடியில் இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பார்ப்பதே தனிச் சுகம். உதைத்து ஸ்டார்ட் செய்ததும் முள் ப்ளஸ் பக்கம் பாய்ந்து, சற்று நேரத்தில் நடுவுக்கு வந்து நிற்கிறது. உள் தடை மிகக் குறைவு என்பதால் பேட்டரி கிடைக்கும் கரண்டை எல்லாம் இழுத்துக்கொள்கிறது. பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும்போது ரெகுலேட்டர் கை வைக்க முடியாத அளவு சுடும். அப்போது சார்ஜரில் போட்டு ஏற்றுவதே நல்லது, ஆல்டர்னேட்டரை வாட்டாதீர்கள். ‘டீசல்ஃபேஷன்’ வசதியுள்ள பழைய சார்ஜர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் உயர் வோல்டேஜ் துடிப்புகள் இதற்கு ஆகாது.

கடைகளில் இரண்டு விஷயங்களில் ஏமாந்துபோகிறோம். ஒன்று, 12.8 வோல்ட் காட்டினால் ‘ஃபுல் சார்ஜ்’ என்பார்கள். ஆசிட் பேட்டரிக்கு அது சரி, லித்தியத்தில் 12.8 என்றால் கால்வாசிகூட மிச்சமில்லை. ஓய்வில் 13.3 இருக்க வேண்டும். இன்னொன்று, லேபிளில் இருக்கும் ஆம்பியர்-அவர். ஸ்டார்ட் செய்யும் வலுவை ஆசிட் பேட்டரியோடு ஒப்பிட்டு ‘12’ என்று போட்டிருப்பார்கள். உள்ளே உண்மையில் நாலு சொச்சம்தான் இருக்கும். சாவியை ஆன் செய்தபடியே டீ குடிக்கப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

ஊட்டி, லடாக் என்று உறைநிலைக்குக் கீழே போகும் குளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மீட்டரில் 14 முதல் 14.4-க்குள் நிற்கும் 12 வோல்ட் வண்டி என்றால் தாராளமாக வாங்கலாம். 6 வோல்ட் வண்டிக்காரர்கள் வயரிங்கை மாற்றும் வரை ஆசிட் பேட்டரியோடு இருங்கள்.