கிடைக்கு ஒவ்வாத லேப்ராஸ்கோப்பி

மாட்டுக்குச் சினை ஊசி ஊர்தோறும் போய்ச் சேர்ந்துவிட்டதே, செம்மறிக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்டு, லேப்ராஸ்கோப்பி வழிக் கருவூட்டலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவில் வடிவம் பெற்ற இந்த முறையின் தகுதியை மறுப்பதற்கில்லை. செம்மறியின் கருப்பை வாய், ஒன்றுக்கொன்று நேராக அமையாத மடிப்புகளால் ஆனது. குழல் எளிதில் உள்ளே போகாது. உறைவிந்தை வாசலிலேயே விட்டால் சினை பிடிப்பது குறைவு. லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் துளையிட்டு, குழல்கருவியால் உள்ளே பார்த்துக் கருப்பைக் கொம்புக்குள் செலுத்தினால் நல்ல பண்ணைகளில் பாதிக்கு மேல் சினை நிற்கிறது. வயிற்றைக் கிழிக்கும் பழைய அறுவையைவிடக் காயமும் சிறிது; உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்வதும் குறைவு. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கு நியாயமான வேலை உண்டு.

ஆனால் ஆதரிப்பவர்கள் துளையைக் காட்டுகிறார்களே தவிர, அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விருத்தாசலத்தைச் சுற்றி, அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் மந்தையை எடுத்துக்கொள்வோம். கிடா பக்கத்தில் இல்லாவிட்டால் செம்மறி பருவத்துக்கு வந்திருப்பது ஆளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஆட்டுக்கும் ஹார்மோன் பஞ்சு வைத்து, 12 முதல் 14 நாள் கழித்து எடுத்து, ஊசியும் போட்டு, அடுத்த இரண்டு, இரண்டரை நாளில் வேலையை முடித்தாக வேண்டும். முந்தின நாள் முழுக்க மேய்ச்சல் கிடையாது. இரைப்பை நிறைந்திருந்தால் கருப்பை கண்ணில் படாது. தலை தாழச் சாய்க்கும்போது இரை மேலேறி மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்தும் உண்டு. பிறகு ஆட்டைச் சட்டத்தில் மல்லாத்திக் கட்டி, மடிக்கு முன்னால் மயிர் மழித்து, மரப்பூசி போட்டு, கரியமில வாயு ஏற்றி, இரண்டு துளை. அந்தக் கடைசிச் சில நிமிடம்தான் படங்களில் வருகிறது. வயல்காரர் கிடைக்குக் காசு கொடுப்பது புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும். பட்டினி கிடந்த மந்தை அவருக்கு எதைப் போடும்? ஐந்து மாதம் கழித்து வரும் சிக்கல் இன்னும் பெரிது. கிடாவோடு திரியும் மந்தையில் குட்டிகள் முன்னும் பின்னுமாக விழும். ஒரே நாளில் கருவூட்டிய மந்தையிலோ சில நாளுக்குள் அத்தனையும் விழும். கவிழ்த்த மூங்கில் கூடைக்குள் இளங்குட்டிகளை அடைத்துவிட்டுத் தாய்களை மேய்ச்சலுக்கு ஓட்டும் கீதாரி, அத்தனை கூடைக்கும், அவற்றைக் காக்கும் ஆளுக்கும் எங்கே போவார்?

மாட்டைக் காட்டி வாதிடுவதும் பொருந்தாது. பசு வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கிறது. கத்துவதை வைத்தே ஆளனுப்பிவிடலாம். ஆசனவாய் வழியாகக் கைவிட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு குழலைச் செலுத்தலாம். செம்மறியின் உடம்பில் அதற்கு இடமில்லை. ஒரே கிடா தன் மகள்களையே ஏறி இனம் கெடுகிறதே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். அதற்கு மருந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுவது. இதற்கு வயிற்றைத் துளைக்க வேண்டியதில்லை. தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியத் திட்டத்திலேயே 500 பெட்டைக்கு 25 கிடா என்றுதான் கணக்கு. இருபது பெட்டைக்கு ஒரு கிடாவை அரசே ஒதுக்கும்போது, விந்துப் பஞ்சம் எங்கிருந்து வந்தது?

உயர்ந்த மரபணுவைப் பரப்ப வேறு வழி ஏது என்பவர்கள் மகாராஷ்டிரத்தின் பல்தானைப் பார்க்கலாம். சுந்தரவனத்துக் கரோல் ஆட்டின் இரட்டைக்குட்டி மரபணுவைத் தக்காணி ஆட்டில் சேர்த்து, நாரி சுவர்ணா என்ற வகையை அங்குள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. மேய்ப்பர்களின் மந்தைக்கு அந்த மரபணு வந்தது ஆடாகவும் கிடாவாகவும்தான். கருவியைப் பண்ணைக்குள்ளேயே வைத்து, அதில் பிறக்கும் நல்ல கிடாக்களை விருத்தாசலத்துக் கிடைகளுக்கு விலை குறைத்துக் கொடுத்தால், கீதாரி பட்டினியும் போட வேண்டாம், பஞ்சும் வைக்க வேண்டாம்.